முன்கூட்டிக் கட்டியதற்குத் தண்டம்

1

வீடு இல்லை என்று சொல்ல அவர்களுக்கு நான்கு வரி போதுமாக இருந்தது. 'உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி' என்பது முதல் வரி. 'உங்கள் தேடல் வெற்றிபெற வாழ்த்துகள்' என்பது கடைசி வரி. நடுவில் இருந்த இரண்டு வரிகளில், என் கணவரின் கடன் வரலாற்றில் முப்பது நாள் தாமதம் ஒன்று பதிவாகியிருப்பதால் வீட்டை வாடகைக்குத் தர இயலாது என்று எழுதியிருந்தார்கள்.

கடிதத்தை நின்றுகொண்டே மூன்று முறை படித்தேன். யாழினி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு பசிக்கிறது என்றாள். அவளுக்கு ஐந்து வயது. தோசை வார்த்துக்கொண்டே நான்காம் முறை படித்தேன். தோசை கருகியது.

தாம்பரத்தில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு, அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வாடகை வீடு கிடைக்காதா என்று தோன்றும். எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் எழிலரசன் ஒஹையோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். நான்கு வருடமாக அவருக்கு வரும் உதவித்தொகையில்தான் மூன்று பேர் சாப்பிடுகிறோம். என் விசாவில் நான் வேலைக்குப் போகக் கூடாது. அவருடைய பட்டம் முடிந்துவிட்டது. அதே ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு சிறிய ஆராய்ச்சி வேலை கிடைத்தும் விட்டது. ஆனால் மாணவர் குடியிருப்பை ஜூலை கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். எங்களிடம் கார் இல்லை. யாழினியின் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில், எங்கள் கைக்கு எட்டிய வாடகையில் இருந்தது அந்த ஒரு குடியிருப்புதான். கடன் வரலாறு பார்க்காத வீடுகள் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். அங்கே போனால் பள்ளி மாறும், பஸ்ஸும் கிடையாது. போன வருடம் முழுக்க வகுப்பில் வாயே திறக்காமல் இருந்த குழந்தை இப்போதுதான் ஒரு தோழியைப் பிடித்திருக்கிறாள்.

எழில் தவணை தவறுகிற ஆள் இல்லை. அவரிடம் தவணையே கிடையாது என்று சொல்வதுதான் சரி. வீட்டுக் கணக்கு முழுவதும் என்னுடையது. நான் பி.காம். படித்தவள். காசோலை எழுதுவது, உறையை ஒட்டுவது, தபால் பெட்டியில் போட்டுவிட்டு மூடியைத் திறந்து உள்ளே விழுந்துவிட்டதா என்று பார்ப்பது எல்லாம் நான். ஆகவே அந்த முப்பது நாளும் என்னுடையது. அவர் பெயரில் என் கையால் விழுந்த கறை.

2

இங்கே வந்த முதல் வாரம் தொலைபேசி இணைப்பு வாங்கப் போனோம். "உங்களுக்குக் கிரெடிட் இல்லை" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். நான் பெருமையாக, "ஆமாம், எங்களுக்கு ஒரு பைசா கடன் கிடையாது" என்றேன். அவள் முகத்தில் இரக்கம் தெரிந்தது. இருநூறு டாலர் முன்பணம் கேட்டாள்.

அப்பா இரும்புலியூரில் உதவிபெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவர். "சாருக்கு யார்கிட்டயும் பாக்கி இல்ல" என்று கடைக்காரர்கள் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். அதற்கு அப்பா வைத்திருந்த சொல் நாணயம். சட்டைப்பையில் கிடக்கும் காசுக்கும் ஆளின் யோக்கியதைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோமே என்று நான் அங்கே இருந்தவரை யோசித்ததில்லை. இங்கே வந்த பிறகு அடிக்கடி யோசிக்கிறேன். இங்கே கடன் வாங்காதவனுக்கு நாணயம் இல்லை. அவன் வெற்றுத்தாள். வெற்றுத்தாளுக்கு யாரும் வீடு தருவதில்லை, தொலைபேசி தருவதில்லை.

பணமில்லாதவர்கள் நல்ல பெயர் வாங்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முந்நூறு டாலரை வங்கியிடம் ஒப்படைத்தால் முந்நூறு டாலருக்கு ஒரு கடன் அட்டை தருவார்கள். நம் பணத்தை அவர்களிடம் அடகு வைத்து, அந்த அளவுக்குள் அவர்களிடம் கடன் வாங்கி, அதைத் தவறாமல் திருப்பிக் கட்ட வேண்டும். எழில் இதை முதலில் விளக்கியபோது நான் சிரித்தேன். பிறகு செய்தேன்.

அதிலும் விதிகள் உண்டு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவழித்தால் பெயர் கெடும். செலவே செய்யாமல் இருந்தாலும் பெயர் வளராது. மாதா மாதம் எண்பது டாலருக்குப் பாலும் முட்டையும் டயப்பரும் அட்டையில் வாங்குவேன். அதே எண்பது டாலரை ஒரு உறையில் எடுத்துவைப்பேன். கையில் பணத்தை வைத்துக்கொண்டே கடன் சொல்லிப் பால் வாங்கிய ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். குளிர்காலக் கோட்டு மூன்றும் தேவாலயக் கூடத்தில் இலவசமாக எடுத்தவை. கறிவேப்பிலை வாங்குவதை நிறுத்தினேன். தலைமுடியை நானே வெட்டினேன், அவருக்கும். ஆனால் அந்த உறையில் ஒரு நாளும் கை வைத்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து வங்கி எங்கள் முந்நூறு டாலரைத் திருப்பிக் கொடுத்து, ஆயிரத்து ஐந்நூறு வரை கடன் வாங்கலாம் என்று கடிதம் போட்டது. அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"கடன் வாங்கற தகுதி கூடிடுச்சுன்னு சந்தோஷப்படறியாம்மா?" என்று கேட்டார்.

சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

3

தம்பி பிரபுவின் கல்யாணம் தையில் நிச்சயமானது. போகாமல் இருக்க முடியாது. சேமிப்பு முழுவதையும் போட்டும் பற்றாமல் மீதி டிக்கெட்டை அட்டையில் வாங்கினோம். எண்பது டாலருக்கு மேல் கடன் வைத்தது அதுதான் முதல் தடவை. மாதம் நூறு நூறாக அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எழிலுக்கு மூன்று வாரம்தான் விடுப்பு. எனக்கும் யாழினிக்கும் கிடைத்த மலிவான டிக்கெட்டில் திரும்பும் நாள் மார்ச் நடுவில் இருந்தது.

ஊருக்குப் போவதற்கு முன் அத்தனை பேருக்கும் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மே மாத விடுமுறைக்குத் திண்டிவனம் கிளம்புகிறோம் என்றால் அம்மா அதற்கு முந்தின இரண்டு நாளும் பர்ஸும் கையுமாகத்தான் அலைவாள். அடுத்த மாத வாடகை, பால் கார்டு, இஸ்திரி போடுகிறவர், பேப்பர் பையன், எல்லாருக்கும் முன்கூட்டியே. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் மாறி மாறி மீன் கொண்டுவரும் தேசம்மாவுக்குக் கூட.

"இன்னாமா நீ, வாங்காத மீனுக்குத் துட்டு குடுக்கிற?" என்று தேசம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "வாங்கிகினு நான் அப்பால வராம பூட்டா இன்னா பண்ணுவ?"

"அது எப்படி வராமப் போவே? துட்டு வாங்கிட்டல்ல, வந்துதான் ஆகணும்" என்றாள் அம்மா.

"தோடா. என்னையே கடங்காரி ஆக்கிட்டியே."

இருவரும் சிரித்தார்கள். நான் அப்போது ஏழாவது படித்தேன். முன்கூட்டிக் கொடுத்தால் வாங்கியவர்தான் கடன்காரர் என்பது எனக்கு அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது. கல்லூரியில் மூன்று வருடம் கணக்கியல் படித்தும் அது மாறவில்லை.

ஆகவே ஜனவரியில் விமானம் ஏறுவதற்கு முன் நூறு டாலருக்குப் பதில் இருநூறு டாலருக்குக் காசோலை எழுதினேன். அடியில் குறிப்பு எழுதும் கோட்டில் 'ஜனவரி, பிப்ரவரி' என்று தெளிவாக எழுதினேன். வங்கி எங்களுக்கு ஒரு மாதம் கடன்பட்டிருக்கிறது என்ற நிம்மதியோடு ஏறி உட்கார்ந்தேன்.

இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரிக்கான பில் அச்சாவதற்கு முன் வந்த பணம் பிப்ரவரியைச் சேராது. இருநூறும் ஜனவரிக் கணக்கிலேயே போய் விழுந்தது. பிப்ரவரியில் அவர்கள் குறைந்தபட்சமாகக் கேட்டது நாற்பது டாலர். அதைப் போல இரண்டரை மடங்கை நான் ஏற்கெனவே கொடுத்திருந்தேன். ஆனாலும் அவர்கள் புத்தகத்தில் பிப்ரவரி வெறுமையாக இருந்தது. முன்கூட்டி வந்ததைக் கடைசிவரை வராதது என்று எழுதிக்கொண்டார்கள்.

மேற்குத் தாம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் நான் பட்டுப்புடவையோடு பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். பிரபு மாலையைக் கழற்றிவிட்டு வந்து என்னைச் சீண்டினான். அவனுக்கு அப்போது பெரும்பாக்கம் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு லோன் ஆகியிருந்தது.

"அக்கா, என்கிட்ட மூணு கார்டு இருக்கு. ஜி.எஸ்.டி. ரோட்ல பேங்க்காரன் குடை போட்டு நிக்கறான். ரெண்டு பே ஸ்லிப் குடுத்தா வீட்டுக்கே வருது. நீ முந்நூறு டாலரை அடகு வச்சு ஒரு கார்டு வாங்கியிருக்க. இதுல யாரு அமெரிக்கா, யாரு தாம்பரம்?"

"பார்த்துச் செலவு பண்ணுடா" என்றேன்.

"பண்ணாத செலவுக்கும் முன்னாடியே கட்டற ஆளு நீ. உன்கிட்ட போய்ச் சொன்னேன் பாரு."

பிப்ரவரி பில் எங்கள் ஒஹையோ வீட்டுக்கு வந்தபோது எழில் திரும்பிப் போயிருந்தார். உறையைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். இரண்டாவது உறையையும் அதன் மேல் வைத்தார். மார்ச்சில் நான் வந்து பிரித்துப் பார்த்தபோது முப்பத்தைந்து டாலர் தண்டம் போட்டு, வட்டியையும் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். அன்றைக்கே தண்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். கட்டியாகிவிட்டது, முடிந்தது என்று நினைத்தேன். அதை ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருப்பார்கள் என்று ஜூனில் அந்த நான்கு வரிக் கடிதம் வரும்வரை தெரியாது.

4

கடிதம் வந்த மறுநாள் காலை, எழில் தம் அடையாள எண்ணைச் சொல்லி, என் மனைவி பேசுவாள் என்று வங்கிக்கு அனுமதி கொடுத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனார். இருபது நிமிடம் இசை கேட்டேன். பிறகு ஒரு அமெரிக்கப் பெண் இணைப்பில் வந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் வாக்கியம், நான் தவணையை ப்ரீபோன் செய்தேன் என்பது.

"போஸ்ட்போன்?" என்றாள்.

"இல்லை, ப்ரீபோன்."

"சரி" என்றாள். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அவள் எழுதிக்கொள்கிறாள், விஷயம் நகர்கிறது என்று எனக்கு மகிழ்ச்சி. கடைசியில், பதிவை நீக்க வழியில்லை, மன்னிக்கவும், இந்த நாள் இனிதாக அமையட்டும் என்றாள்.

மாலையில் எழிலிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ப்ரீபோன்னு ஒரு வார்த்தை இங்க கிடையாது கலை. அது நம்ம ஊர்ல நாமளே பண்ணிக்கிட்டது."

"நாலு வருஷமா குழந்தையோட டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை ப்ரீபோன் பண்ணச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருந்தேனே?"

"அதான் அவங்க தள்ளித் தள்ளிப் போட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. தாம்பரம் ஸ்டேஷனில், கல்லூரியில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில், எத்தனை பேர் எத்தனை முறை சொல்லிக் கேட்ட வார்த்தை. தேதியைப் பின்னால் தள்ள ஒரு சொல் இருந்தால் முன்னால் இழுக்க ஒரு சொல் வேண்டாமா? முன்னால் இழுக்கிற பழக்கமே இல்லாதவர்களுக்கு அது தேவைப்படவில்லை போலும்.

யாழினி டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு, காத்திருந்தமைக்கு நன்றி, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று அசல் அமெரிக்க உச்சரிப்பில் பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவோடு தமிழில் விளையாடு என்றேன். "பேங்க் தமிழ்ல பேசாதும்மா" என்றாள்.

5

மறுநாள் மறுபடியும் கூப்பிட்டேன். இந்தத் தடவை ஒரு ஆண் குரல். தம் பெயர் கெவின் என்றார். கணக்கு வைத்திருப்பவரின் பெயரைக் கேட்டார். நான் வழக்கம்போல ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர், "எழிலரசன் மாரியப்பன், சரியா மேம்?" என்றார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கணவர் இங்கே நான்கு வருடமாக ஈசிலாகவும் எஸ்ஸிலாகவும் இருக்கிறார். ஒரு தடவை ஏஞ்சல் என்றும் கூப்பிட்டார்கள். அந்த ழகரத்தை இந்த நாட்டில் என்னைத் தவிர ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

"நீங்க தமிழா?" என்று கேட்டேன்.

"மேம், நான் ஆங்கிலத்தில் மட்டுமே உங்களுக்கு உதவ முடியும்" என்றார் கெவின், ஆங்கிலத்தில். பிறகு முந்தின நாள் குறிப்பைப் படித்தார். தவணையைத் தாம் தள்ளிப்போட்டதாக வாடிக்கையாளரே ஒப்புக்கொண்டார் என்று அதில் இருந்தது.

"போஸ்ட்போன் இல்லை. ப்ரீபோன்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் வந்து நின்றது. சிரிப்பை விழுங்கிய சத்தம். அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாளில் நான் சொன்னது புரிந்த முதல் ஆள். ஆனால் அடுத்த நொடியே, புரிகிறது மேம், இருந்தாலும் விதிமுறைப்படி பதிவை நீக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று படித்து ஒப்பித்தார்.

அப்போது எனக்கு வந்த கோபத்தை இன்னமும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்த அமெரிக்கப் பெண் மேல் வரவில்லை. அவளுக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் கெவின் என்று உட்கார்ந்திருக்கிறான். தமிழில் கத்திவிட்டேன்.

"தம்பி, உங்க பேரு என்னன்னு எனக்குத் தெரியாது. உங்க அம்மா ஊருக்குப் போறப்ப பால் கார்டுக்கு முன்னாடியே கட்டிட்டுப் போறதில்லையா? அதுக்கு யாராவது தண்டம் போட்டாங்களா? கட்டவே இல்லைன்னு ஊரெல்லாம் சொன்னாங்களா? நான் என்ன சொல்றேன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். அந்தக் குறிப்புல ஒரே ஒரு வார்த்தையை மாத்த உங்களுக்கு என்ன கேடு?"

அவருக்குப் பின்னால் பல குரல்கள் ஒரே மாதிரி ஆங்கிலம் பேசுவது கேட்டது. பிறகு அவர் நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில், பில்லின் பின்பக்கம் உள்ள முகவரிக்கு எழுத்து மூலம் கோரிக்கை அனுப்பலாம், காசோலைப் பிரதியை இணைக்கலாம் என்றார். அதற்கு மேல் குரல் இறங்கியது. வேகமாகத் தமிழ் வந்தது.

"அக்கா, நான் மாத்தினா வேலை பூடும். லெட்டர் போடுங்க. ஆனா காப்பி கீப்பி எதுவும் வைக்காதீங்க. நான் ஒழுங்காக் கட்டினேன்னு வாதாடினா டிஸ்ப்யூட்னு வேற டிபார்ட்மென்ட்டுக்குப் போயிடும், மூணு மாசம் ஆவும். மறந்துட்டேன், மன்னிச்சிருங்கன்னு மட்டும் போடுங்க. ஒரு தடவை எடுத்துடுவாங்க."

"நான் மறக்கலையே."

"தெரியும்க்கா." உடனே கெவின் திரும்பி வந்தார். வேறு ஏதாவது உதவி தேவையா மேம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ரிசீவரை வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அந்தப் பையன் தாம்பரத்து ஏற்றுமதி வளாகத்தில் உட்கார்ந்திருந்தானோ, பெருங்குடியில் உட்கார்ந்திருந்தானோ. யாராவது அந்த அரை நிமிடத்தைக் கேட்டு அவனைக் கூப்பிட்டிருப்பார்களா? அவன் அம்மாவை ஏன் இழுத்தேன்? மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி கூப்பிட்டு விசாரிக்கலாமா என்று தோன்றியது. விசாரித்தால் அதுவே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

6

"எழுதிடு கலை. ஒரு லெட்டர்தானே" என்றார் எழில்.

"நீங்க அந்த உறையைப் பிரிச்சிருந்தா லெட்டரே தேவைப்பட்டிருக்காது."

"பில்லைத் தொடாதீங்க, கணக்கு குழம்பிடும்னு சொன்னது யாரு?"

சொன்னது நான்தான். அதனால் கோபம் இன்னும் ஏறியது. பாத்திரத்தை அதிகமாகத் தேய்த்தேன்.

கணக்கு அவர் பெயரில் இருப்பதால் கடிதமும் அவர் எழுதுவதாகத்தான் இருக்க வேண்டும். ஆங்கிலம் என்னுடையது. 'வீட்டுக் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் என் மனைவி, பயணத்தில் இருந்ததால் பிப்ரவரித் தவணையைச் செலுத்த மறந்துவிட்டார். இதற்காக மனமார வருந்துகிறோம்.' இதை நானே எழுதினேன். மறந்துவிட்டாள் என்று என்னைப் பற்றி நானே எழுதி, அவரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

அவர் படித்துவிட்டுப் பேனாவை எடுக்காமல் இருந்தார். "நான் மறந்துட்டேன்னு மாத்தி அடிச்சிடலாமா?"

"வேணாம். ரெண்டு பேரும் எதுக்குப் பொய் சொல்லணும்?"

கையெழுத்துப் போட்டார். காசோலையின் நகல் என் கையில் இருந்தது. 'ஜனவரி, பிப்ரவரி' என்று என் கையெழுத்தில். அதை வைத்தால் நான் யோக்கியமானவள் என்று நிரூபணம் ஆகும், வீடு போய்விடும். வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அட்டையில் மீதியிருந்த நிமிடங்களில் அப்பாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்பாவிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

"நீ கட்டினியா, கட்டலையா?"

"கட்டினேன்பா. முன்னாடியே கட்டினேன்."

"அப்ப எதுக்கு மறந்துட்டேன்னு எழுதின?"

"வீடு வேணும்பா."

"செய்யாத தப்புக்கு ஒரு தடவை எழுதிக் குடுத்தா, அது ரெக்கார்டும்மா. அவன் ஃபைல்ல இருக்கும்" என்றார். முப்பது வருடம் கோப்புகளோடு இருந்தவர். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். ரிசீவரை அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"அவரு கிடக்கறாரு. நீ முதல்ல வீட்டைப் பிடி. எழுதிக் குடுத்தா தேஞ்சா போயிடுவே? குழந்தைக்குப் பள்ளிக்கூடம் முக்கியமா, உங்கப்பாவோட ஃபைலு முக்கியமா?"

அம்மா சொன்னது சரி. அப்பா சொன்னதும் சரி. அட்டையில் நிமிடம் தீர்ந்துவிட்டது.

7

மூன்று வாரத்தில் பதில் வந்தது. எங்கள் நீண்டகால நல்லுறவைக் கருதி, ஒரு முறை மட்டும் வழங்கப்படும் சலுகையாக, தாமதப் பதிவை நீக்குவதாக எழுதியிருந்தார்கள். தண்டத் தொகை திரும்ப வராது. ஏற்றிய வட்டி ஏற்றியதுதான். இனி இத்தகைய மறதி நிகழாமல் பார்த்துக்கொள்ளுமாறு என் கணவருக்கு அறிவுரையும் இருந்தது. பி.காம். படித்த, ஒரு உறையில்கூடக் கை வைக்காத, நான்கு வருடம் கறிவேப்பிலை இல்லாமல் ரசம் வைத்த என்னை மன்னித்திருந்தார்கள்.

என்னால் அந்தக் கடிதத்தைக் கிழிக்கவும் முடியவில்லை. குடியிருப்பு அலுவலகத்தில் காட்ட வேண்டியிருக்குமே.

அந்தக் குடியிருப்பில் எங்களுக்குப் பிடித்த வீடு போய்விட்டிருந்தது. தரைத்தளத்தில், குப்பைத் தொட்டிகளுக்கு எதிரில் ஒன்று மிச்சம் இருந்தது. மறுபடியும் விண்ணப்பக் கட்டணம் கட்டினோம். புதிதாகக் கடன் பதிவை வாங்கிப் பார்த்தார்கள். எழிலின் பெயரில் ஒரு கறையும் இல்லை. அலுவலகப் பெண் வாழ்த்துச் சொல்லி, குடியிருக்கும் பெரியவர்கள் இருவரும் நிரப்ப வேண்டும் என்று ஆளுக்கொரு படிவம் கொடுத்தாள். யாழினி அவள் மேசை மேல் இருந்த மிட்டாய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெயர், பிறந்த தேதி, முந்தைய முகவரி. எட்டாவது கேள்வி, நீங்கள் எப்போதாவது எந்தத் தவணையையாவது செலுத்தத் தவறியதுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

எழில் யோசிக்காமல் 'இல்லை'யில் குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். என் பேனா அங்கேயே நின்றது. நான் தவறினேன் என்று நானே எழுதிய கடிதம் ஒரு வங்கியில் இருக்கிறது. தவறவில்லை என்று இங்கே எழுதினால், நாளைக்கு யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? 'ஆம்' என்று போட்டால் வீடு இல்லை. அப்பா சொன்னது இதைத்தானா?

"எதுவும் சந்தேகமா?" என்றாள் அலுவலகப் பெண்.

"என்னாச்சு கலை?" என்றார் எழில். "இல்லைன்னு போடு. ரிப்போர்ட்லதான் இல்லையே."

"ரிப்போர்ட்ல இல்லைங்கறதுக்காகப் போடல" என்றேன்.

அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. 'இல்லை' என்ற கட்டத்தில் அழுத்திக் குறி போட்டேன். பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு போனது. அலுவலகப் பெண் அதைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கோடைகாலத்தில் நான் எழுதிக் கொடுத்தவற்றில் அது ஒன்றுதான் உண்மை. அதற்காகத்தான் வீடு கிடைத்தது என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அதற்காக இல்லை. மறந்துவிட்டேன் என்று எழுதியதற்குத்தான் சாவி கொடுத்தார்கள்.